பள்ளி நாள் எங்கே சிக்குகிறது: சிறு பிள்ளையின் பெற்றோருக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

காலையில் ஷூ போட மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழும் பிள்ளைக்குக் கோளாறு ஷூவில் இருப்பது அபூர்வம். முந்தின நாள் மாலை வண்டியில் போட்ட தூக்கம், மூன்று நாளாக இறங்காத மலம், பள்ளியில் திறக்க வராத டிபன் பாக்ஸ் மூடி என்று வேறு ஏதோ ஒரு வேளையில் தொடங்கியது இந்த வேளையில் வெளியே வருகிறது. மூன்றரை முதல் ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளிடம் இது திரும்பத் திரும்பத் தெரிகிற விஷயம். அதனால் அறிகுறி தெரியும் நேரத்தை மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் கத்தல்தான் மிஞ்சும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

மூன்று பள்ளி நாள், ஒரு விடுமுறை நாள். இந்த நான்கு நாளும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: படுத்த நேரம், உண்மையில் தூங்கிப்போன நேரம், எழுந்த நேரம் (தானாகவா, எழுப்பியா), காலையில் சாப்பிட்ட அளவு, மலம் போனதா, டிபனிலும் வாட்டர் பாட்டிலிலும் மீந்தது எவ்வளவு, வீடு வந்த முதல் ஒரு மணி நேரம் எப்படிப் போனது. விடுமுறை நாளின் வரிதான் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல். பள்ளி நாளில் மட்டும் வரும் தொல்லைக்கும் எல்லா நாளும் வரும் தொல்லைக்கும் காரணம் வேறு வேறு.

பிறகு ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து பள்ளி நாள் அப்படியே விடுங்கள். திங்கட்கிழமை மூன்றை மாற்றிப் புதன்கிழமை இரண்டைக் கைவிட்டால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கும் எந்தப் பழக்கமும் ஒட்டாது.

எழுப்பினால் எழுவதே இல்லை

முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். காலை 6.30க்கு எழ வேண்டிய ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்தரை மணி நேரம் என்று வைத்தால் இரவு 8 மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். படுக்கையில் விட வேண்டியது 7.40க்கு. பல வீடுகளில் பெரியவர்கள் வேலை முடிந்து வரும் நேரமே அதுதான் என்பது உண்மை. அப்படியானால் அரை மணி நேரம் முன்னே நகர்த்த முடிந்தாலும் காலையில் வித்தியாசம் தெரியும்.

நகர்த்தும் முறை: இன்று 9.30, நாளை 8 என்று குதித்தால் பிள்ளை இருட்டில் ஒன்றரை மணி நேரம் விழித்துக் கிடக்கும், படுக்கையே பிடிக்காமல் போகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். எழும் நேரத்தை முதலில் கட்டிப்போடுங்கள். விடுமுறையிலும் பள்ளி நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ள வேண்டாம். திங்கட்கிழமை மட்டும் படுமோசம் என்றால் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்தது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் முகத்தில் படவிடுங்கள். இரவில் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரைகளை அணைத்து விளக்கைக் குறையுங்கள். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பை வெளிச்சம் தடுக்கிறது.

மணிக்கணக்கு சரியாக இருந்தும் எழ முடியவில்லையா? இரவில் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று கேளுங்கள். வாரத்தில் பல இரவுகள் குறட்டை, வாய் திறந்த மூச்சு, நடுவில் மூச்சு நின்று திணறித் தொடங்குவது, தலையணை நனையும் வியர்வை இவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். தொண்டையிலுள்ள டான்சிலும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் வீங்கி மூச்சுப்பாதையை அடைப்பது இந்த வயதில் சகஜம். அப்படிப்பட்ட பிள்ளை பகலில் தூங்கி வழியாமல் துறுதுறுவென்று அடங்காமல் இருப்பதும் உண்டு.

மாலை நான்கு மணிக்கு மேல் வண்டியில் தூங்கினால் 20 நிமிடத்தில் எழுப்பிவிடுங்கள். அந்தத் தூக்கம் ஒரு மணி நேரமானால் இரவு 10 வரை கண் மூடாது.

எழுந்துவிடும், ஆனால் கிளம்பாது

இரண்டு நாள் வாயைத் திறக்காமல் கடிகாரத்தை மட்டும் பாருங்கள். பல் தேய்க்க, குளிக்க, உடுத்த, சாப்பிட, ஷூ போட என்று ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று எழுதினால், எல்லாமே மெதுவாக இருக்காது. ஏதோ ஒன்று மட்டும் இருபது நிமிடத்தை விழுங்கியிருக்கும். அதை மட்டும் பிரித்துப் பாருங்கள்.

உடுத்துவதில் சிக்கினால் துணியையே சோதியுங்கள். சாக்ஸின் விரல் முனைத் தையல், கழுத்துப் பட்டையில் குத்தும் லேபிள், கஞ்சி விறைப்பு போகாத புதுச் சீருடை மூன்றும் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே வேதனை. சாக்ஸைத் திருப்பிப் போட்டு விடுங்கள், லேபிளைத் தையலோடு பிரித்தெடுங்கள் (வெட்டினால் மிச்சமிருக்கும் விளிம்பு இன்னும் குத்தும்), புதுச் சீருடையை இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு போடுங்கள். பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போடச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்கும், ஓட்டை மாறாது. இடது வலது ஷூ மாறினால் ஒரு படத்தை நடுவில் வெட்டி ஒவ்வொரு ஷூவின் உள்ளடியிலும் பாதியாக ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்து முழுப் படம் வந்தால் சரியான பக்கம். ஷூ இறுக்கமா என்று நிற்க வைத்துப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும்.

எல்லாப் படிகளும் இழுத்தால் காரணம் பெரும்பாலும் நம் வாய்தான். "பல்லைத் தேய்ச்சிட்டு டிரஸ் போட்டுட்டு பேக்கை எடுத்துட்டு வா" என்ற வாக்கியத்தில் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒன்றோ இரண்டோதான் நிற்கும். மிச்சம் மறதி. அதை அடம் என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்து படங்களை வரைந்து கதவில் ஒட்டி, "அடுத்து என்ன படம்?" என்று மட்டும் கேளுங்கள். "பத்து நிமிஷம்தான் இருக்கு" என்பது இந்த வயதில் அர்த்தமில்லாத சொல். மணல் கடிகாரமோ நிறம் குறையும் டைமரோ கண்ணுக்குத் தெரியும். காலையில் டிவியும் பொம்மையும் வெளியே வராமல் இருப்பது மற்ற எல்லாவற்றையும்விட நேரம் மிச்சப்படுத்தும்.

காலையில் ஒரு வாய்கூட இறங்காது

முந்தின இரவு சாப்பாடு தாமதமா, எழுந்த உடனே ஒரு பெரிய டம்ளர் பால் குடித்ததா, மலம் போய் எத்தனை நாள் என்ற மூன்றையும் பாருங்கள். எழுந்து 20, 30 நிமிடம் கழித்துத் தட்டை வையுங்கள், பாலைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள். அப்படியும் கொஞ்சம்தான் என்றால் விட்டுவிடுங்கள். திணித்து வாந்தி எடுக்க வைப்பதைவிட இடைவேளை டப்பாவைச் சற்றுப் பெரிதாக்குவது மேல்.

"வயிறு வலிக்குது"

இதில் அவசரப்படக் கூடாது, அலட்சியமும் கூடாது. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி, நெய்ஷ் என்பவருடன் சேர்ந்து 1,000 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 1958இல் வெளியிட்டார். பத்தில் ஒரு பிள்ளைக்குச் சற்று மேலாகவே அடிக்கடி வயிற்றுவலி இருந்தது. இத்தகைய வலியில் பெரும்பாலும் உறுப்பில் நோய் எதுவும் கிடைப்பதில்லை. ஆப்லி விட்டுப்போன ஓர் அடையாளத்தை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: வலி தொப்புளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு உடல் நோய் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. "எங்கே வலிக்குது, ஒரே விரலால காட்டு" என்று கேளுங்கள்.

அந்தக் காலையில் செய்ய வேண்டியவை, வரிசையாக:

1. வெப்பநிலை எடுங்கள். 38 டிகிரி செல்சியஸோ மேலேயோ இருந்தால் வீடு. மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் அடங்கிய பிறகு பள்ளி.
2. வாந்தியோ பேதியோ இருந்தால் வீடு. கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் கழித்து அனுப்புங்கள்.
3. குதிக்கச் சொல்லுங்கள். குதிக்கவே முடியாத வலி, வலது கீழ்வயிற்றில் வலி, பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் உடனே மருத்துவரிடம்.
4. இவை எதுவும் இல்லையென்றால் கடைசியாக மலம் எப்போது போனது, எப்படி இருந்தது என்று பாருங்கள். கெட்டியான உருண்டையாகவோ பல நாள் இடைவெளியிலோ போனால் மலச்சிக்கல்தான் முதல் சந்தேகம்.

நான்கும் தாண்டி, பள்ளி நாள் காலையில் மட்டும் வந்து விடுமுறையில் காணாமல் போகும் வலி என்றால், அது பெரும்பாலும் பதற்றத்தால் வருவது. ஆனால் வலி பொய்யில்லை. பயம் வந்தால் குடல் இறுகுவது பெரியவர்களுக்கும் நடக்கும். "நடிக்காதே" என்ற ஒரு சொல் போதும், உண்மையாக நோய் வரும் நாளில் பிள்ளை உங்களிடம் சொல்லாமல் இருக்க. "வலிக்குதுன்னு தெரியுது. கொஞ்சம் தண்ணி குடி, டாய்லெட் போயிட்டு வா, அப்புறம் கிளம்பலாம். ஸ்கூல்ல வலி கூடினா மிஸ்கிட்ட சொல்லு, அவங்க எனக்கு போன் பண்ணுவாங்க" என்று ஒரே குரலில் சொல்லி அனுப்புங்கள். ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டி வந்தால் அந்த நாள் சாதாரணமாக இருக்கட்டும்: படுக்கை, புத்தகம், ஓய்வு. கார்ட்டூனும் வெளியே சுற்றலும் கிடைத்தால் அடுத்த வாரமும் வலி வரும். பிள்ளை தந்திரம் செய்கிறது என்று இதற்குப் பொருளில்லை. உடல் அப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவு, மூட்டு வீக்கம், திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் இருந்தால் குறித்த தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.

வாசலில் ஒட்டிக்கொண்டு அழுகிறது

ஆசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "நான் போன பிறகு எவ்வளவு நேரம் அழறான்?" பத்து நிமிடத்துக்குள் அடங்கினால் கோளாறு விடைபெறுவதில் மட்டும். நீங்கள் தயங்கித் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும், அழுதால் வருவார்கள் என்ற பாடம் படிகிறது. சொல்லாமல் நழுவுவது அதைவிட மோசம். எந்த நிமிடத்தில் காணாமல் போவார்களோ என்று மறுநாள் வீட்டிலேயே காலைக் கட்டிக்கொள்ளும். ஒரே மாதிரியான, அரை நிமிட விடைபெறல் போதும்: அணைப்பு, ஒரு வாக்கியம், கையசைப்பு. திரும்பி வரும் நேரத்தைக் கடிகாரத்தில் சொல்லாமல் நிகழ்ச்சியில் சொல்லுங்கள்: "சாப்பிட்டு, விளையாடி, கடைசி மணி அடிச்சதும் நான் கேட்டுல நிப்பேன்." சொன்ன இடத்தில் சொன்னபடி நில்லுங்கள். முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடத் தாமதம்கூட வேண்டாம்.

நாள் முழுக்க அழுகை, தனியாகத் தூங்க மறுப்பு, பிரிவது பற்றிய கெட்ட கனவு எல்லாம் சேர்ந்து நான்கு வாரம் தாண்டினால் குழந்தை மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

மாதக்கணக்காகச் சந்தோஷமாகப் போன பிள்ளை திடீரென்று மறுத்தால் அது வேறு கதை. ஏதோ நடந்திருக்கிறது. கழிப்பறையில் கதவு சிக்கியதிலிருந்து, பக்கத்தில் உட்காரும் பிள்ளை கிள்ளுவது, ஆசிரியர் மாறியது, வண்டியில் பெரிய பிள்ளைகள் மிரட்டுவது வரை எதுவும் இருக்கலாம். "யாராவது அடிச்சாங்களா?" என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைக்காதீர்கள். "ஸ்கூல்ல உனக்குப் பிடிக்காத இடம் எது?", "வண்டியில உன் பக்கத்துல யார்?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். காரணம் தெரியாத காயம், குறிப்பிட்ட ஒரு பெரியவரைக் கண்டு பயம், உடை மாற்றும்போது கூச்சல் என்றால் அன்றே விசாரியுங்கள். ஐந்து நாள் பார்க்கும் விதி இதற்குப் பொருந்தாது.

டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது

சமையலை மாற்றுவதற்கு முன் வீட்டில் ஓர் ஒத்திகை வையுங்கள். பள்ளிக்குக் கட்டுவதுபோலக் காலையிலேயே கட்டி, மூன்று மணி நேரம் பையில் வைத்து, பிள்ளை கையில் கொடுத்து, 15 நிமிட டைமர் வைத்து, உதவாமல் பாருங்கள். எங்கே நிற்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

மூடி திறக்கவில்லையா: சூடாக அடைத்து இறுக்கி மூடினால் உள்ளே நீராவி குளிர்ந்து காற்றழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடிக்கிறது. பெரியவர் கைக்கே வராத மூடி ஐந்து வயது விரலுக்கு எங்கே வரும்? கிளிப் வைத்த மூடியோ அழுத்தம் விடும் பொத்தான் உள்ள மூடியோ வாங்குங்கள். சாதாரண டப்பாவென்றால் ஆவி அடங்கிய பின் மூடுங்கள்.

ஆறிப்போய் ருசி கெட்டதா: சூடு காக்கும் டப்பாவில் கொதிநீர் ஊற்றி 5 முதல் 10 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, சூடான உணவை உடனே நிரப்புங்கள். வெறும் டப்பாவில் போட்டால் உலோகமே சூட்டைத் தின்றுவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால் ஈரமான, பால் சேர்ந்த உணவு வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. சூடும் இல்லை, குளிரும் இல்லை என்றால் உலர்ந்த உணவுதான் பத்திரம்.

நேரம் போதவில்லையா: துண்டைச் சிறிதாக்குங்கள், வகையைக் குறையுங்கள், நீங்கள் நினைக்கும் அளவில் பாதியை வையுங்கள். காலியாகத் திரும்பும் சிறிய டப்பா பிள்ளைக்குத் தெம்பு தரும். ஐந்து வயதுக்குள் உருண்டையான பழம் எதுவானாலும் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முழுதாக வைத்தால் தொண்டையை அடைக்கும்.

எல்லா நாளும் துடைத்தாற்போல் காலியாக வருவதும் சில சமயம் அறிகுறியே. வீடு வந்ததும் பேய்ப்பசி என்றால் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கலாம். மீந்ததைக் கொட்டாமல் கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவந்தால் திட்டாதீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

பாட்டில் நிறைந்து வருகிறது, அல்லது உடை நனைந்து வருகிறது

இவை இரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்கள்: பிள்ளை பள்ளிக் கழிப்பறையைத் தவிர்க்கிறது. குடித்தால் போக வேண்டும் என்று குடிப்பதை நிறுத்தும், அல்லது அடக்கி அடக்கி வாசலில் விட்டுவிடும். 4 முதல் 8 வயதுக்கு ஒரு நாளில் குடிக்க வேண்டியது சுமார் 1.2 லிட்டர். சிறுநீர்ப்பையின் கொள்ளளவை மருத்துவர்கள் வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கி மதிப்பிடுகிறார்கள். ஐந்து வயதுக்கு அது 180 மில்லிலிட்டர். அரை லிட்டர் பாட்டிலைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் அடக்கு என்று எந்தப் பிள்ளையையும் கேட்க முடியாது.

ஏன் தவிர்க்கிறது என்று கண்டுபிடியுங்கள்: நாற்றம், இருட்டு, உள்தாழ் எட்டாதது, ஃப்ளஷ் சத்தம், அனுமதி கேட்கக் கூச்சம், தானாகக் கழுவத் தெரியாதது, பெல்ட். சீருடையோடு வீட்டில் ஒத்திகை பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் இறக்க முடியாவிட்டால் பெல்ட்டை எடுத்துவிட்டு இலாஸ்டிக் இடுப்பு போடுங்கள். கழுவுவதை விடுமுறையில் ஒரு வாரம் பழக்குங்கள். கேட்காமலே இடைவேளையில் அனுப்புமாறு ஆசிரியரிடம் பேசுங்கள். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பும் வந்தவுடனும் கழிப்பறை கட்டாயம்.

மலத்தை அடக்குவது இன்னும் மோசமாகச் சுற்றிவிடும். தேங்கிய மலம் கெட்டியாகிறது, போகும்போது வலிக்கிறது, வலிக்குப் பயந்து மேலும் அடக்குகிறது. நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் உடையும் நனைகிறது. ஜட்டியில் கறையோ நீர்த்த கசிவோ தெரிந்தால் பலர் பேதி என்று நினைத்து அதற்கு மருந்து தருகிறார்கள். அது அடைப்பைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம், மருத்துவரைக் கேளுங்கள். சாப்பிட்டதும் குடல் அசையும் என்பதால் இரவு உணவுக்கு 15 முதல் 30 நிமிடம் கழித்து ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். கால் தொங்கக் கூடாது, முக்காலியில் ஊன்றி முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும்.

எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் இருந்தால் மருத்துவரிடம். நனையாத பிள்ளை புதிதாக நனைக்கத் தொடங்கி, அடங்காத தாகமும் எடை இறக்கமும் சேர்ந்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகளின் நீரிழிவு நாட்கணக்கில் முற்றிவிடும்.

பள்ளியில் சமர்த்து, வீடு வந்ததும் ரகளை

ஆறு மணி நேரம் வரிசையில் நின்று, முறை வரும் வரை பொறுத்து, அழுகையை விழுங்கியதெல்லாம் பத்திரமான இடத்தில் கொட்டுகிறது. அதில் பாதி பசி. வந்த முதல் அரை மணி நேரம் தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, இஷ்டமான விளையாட்டு. கேள்வி வேண்டாம், டைரி பார்ப்பதும் வேண்டாம். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். ஒரு மணி நேரம் கழித்து, "யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?", "இன்னைக்கு மிஸ் யாரைத் திட்டினாங்க?" என்று ஒன்றை மட்டும் கேட்டால் மீதி தானாக வரும்.

எழுத மறுக்கிறது, சொன்னது காதில் விழவில்லை

இந்த வயதில் உட்கார்ந்து எழுத 10 முதல் 15 நிமிடம் போதும். கால் தரையில் ஊன்றட்டும். பென்சிலை முஷ்டியால் பிடித்தால் நான்கு சென்டிமீட்டர் கிரேயான் துண்டைக் கொடுங்கள். முஷ்டிக்கு இடமில்லாததால் விரல் நுனிக்கு வந்துவிடும். பலகையிலிருந்து மட்டும் தப்பாக எழுதினால் கண் பரிசோதனை. சளி பிடித்துப் போன பிறகு "ஆ? என்ன?" என்று அடிக்கடி கேட்டால் காது. சளிக்குப் பின் நடுக்காதில் நீர் தேங்கி வாரக்கணக்கில் கேட்கும் திறனைக் குறைக்கும், வலியே இருக்காது. கவனக்குறைவு என்று ஆசிரியர் எழுதி அனுப்பும் குறிப்புக்கு முதல் பதில் இந்த இரண்டு பரிசோதனைகள்.

பை கனக்கிறது, பொருள் தொலைகிறது

பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 18 கிலோ பிள்ளைக்கு 1.8 கிலோ. சமையலறைத் தராசில் வெறும் பையை முதலில் நிறுத்துப் பாருங்கள், சில பைகள் காலியாகவே அதில் பாதியைத் தின்றுவிடும். தொலையும் பொருளில் பெயரோடு ஒரு சிறு படமும் ஒட்டுங்கள், படிக்கத் தெரியாத பிள்ளை அதை வைத்துத் தன்னுடையதைக் கண்டுபிடிக்கும். பையின் உள்மூடியில் பாட்டில், டிபன், டைரி என்று மூன்று படங்களை ஒட்டி, கிளம்பும்போது தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்க்கப் பழக்குங்கள். திரும்பி வரும்போதும் அதே மூன்று.